மரமில்லாத தீவில 5000 வருசத்துக்கு முந்தி வீடு எப்பிடி இருந்திச்சு?

உப்புவெளிப் பொடியன்:
ஸ்கொட்லாந்துக்கு வடக்க ஓர்க்னி தீவில ஸ்காரா பிரே எண்டு கற்கால ஊர் ஒண்டு இருக்கு. வீடியோ பாத்ததில இருந்து அதே யோசினைதான். மரம் குறைவு, கடற்காத்து வேற, அதுக்குள்ள ஒரு குடும்பம் எப்பிடி சமைச்சு படுத்து எழும்பிச்சு? நம்மட பக்கம் மீன் வாடி ஒரு மாரி தாங்கினாலே பெரிய விசயம். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

திருமலை அக்கா:
தம்பி, மரம் குறைஞ்சதாலதான் இண்டைக்கு நமக்குப் பாக்கக் கிடைச்சிருக்கு. கட்டில், அலுமாரி எல்லாமே கல்லு. ஒரே அறை, நடுவில சதுர அடுப்பு, ரெண்டு பக்கமும் கல்லை நிறுத்தி அடைச்ச பெட்டி மாதிரி படுக்கை, வாசலுக்கு நேர எதிர்ல ரெண்டு தட்டு அலுமாரி, குனிஞ்சு உள்ள வாற ஆளுக்கு முதல்ல கண்ணில படுறதே அதுதான். வீட்டுக்காரி நல்ல பானையை அதிலதான் அடுக்கியிருப்பா எண்டு எனக்குத் தோணுது. நிலத்தில புதைச்ச கல்லுப் பெட்டியளும் இருக்கு, மூட்டெல்லாம் களிமண் வச்சு தண்ணி ஒழுகாம அடைச்சிருக்கு, தூண்டில் இரைக்கு சிப்பி ஊறப்போட்டது எண்டு ஆய்வாளர் சிலர் நினைக்கினம்.

கொட்டியாரத்தான்:
காத்துக்கு அவை பிடிச்ச வழி குப்பை. சாம்பல், சிப்பி ஓடு, எலும்பு எல்லாம் கலந்து இறுகின பழைய குப்பைமேட்டுக்குள்ளயே சுவரை இறக்கிக் கட்டியிருக்கினம், குளிர் உள்ள வராது. வீட்டுக்கு வீடு போக மேல மூடின ஒடுக்க வழி, கதவுக்குக் குறுக்குத் தண்டு போட சுவரில ஓட்டை, கீழால வடிகான். பிறகு மணல் மூடி, 1850ல ஒரு புயல்தான் திறந்து விட்டது, 1928ல இருந்து கோர்டன் சைல்ட் எண்ட தொல்லியல் ஆய்வாளர் தோண்டினவர்.

உப்புவெளிப் பொடியன்:
நன்றி அக்கா, அண்ணை. அப்ப நம்மட இலங்கைத் தீவில ஏன் அப்பிடி ஒரு வீடும் இல்ல?

திருமலை அக்கா:
ஆக்கள் இல்லாம இல்லடா. பாகியன்கல குகையில 40,000 வருசத்துக்கும் மேல பழைய தடயம் இருக்கு, அம்பாந்தோட்டைப் பக்கம் மினி அத்திலியவில கிட்டத்தட்ட 4000 வருசப் பழைய சிப்பி மேட்டுக்குள்ள மனுச எலும்பும் எடுத்தவை. கம்பும் ஓலையும் நம்மட வெயில் மழைக்கு எத்தினை வருசம் நிக்கும்? கம்பு நட்ட குழியில மண்ணின்ர நிறம் மட்டும் மாறிக் கிடக்கும், தோண்டுற ஆக்கள் அதைத்தான் தேடுறவை. சுண்ணாம்புக்கு எண்டு சிப்பி மேட்டை அள்ளினா அந்த அடையாளமும் அதோடயே போயிடும், அதுதான் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.