பெர்ஹெந்தியானில் திமிங்கலச் சுறா எதிரே வந்தால் என்ன செய்யணும்?

செம்பனை_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனை ஆலையில் வேலை. போன மாதம்தான் ஓபன் வாட்டர் என்கிற ஆரம்பநிலை டைவிங் சான்றிதழ் எடுத்தேன், இதுவரைக்கும் மொத்தம் ஆறு டைவ். ஆகஸ்ட்டில் கூட்டாளிகளோடு பெர்ஹெந்தியான் தீவுக்குப் போகிறேன். அங்கே எப்போதாவது யூ பாவுஸ், அதாவது திமிங்கலச் சுறா, வந்து போகும் என்கிறார்கள். பார்க்கணும் என்று ரொம்ப ஆசை, ஆனால் பஸ் நீளத்துக்கு ஒரு மீன் பக்கத்தில் வந்தால் பதறிவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கு. அம்மாவுக்கு சுறா என்றால் புட்டு வைக்கிற மீன்தான் தெரியும், இவ்வளவு பெரியது என்றதும் போகவே வேண்டாம் என்கிறார். கடிக்குமா? எவ்வளவு தள்ளி இருக்கணும்? ஞாயிறு காலை கடைசி டைவ் முடித்து, குவாலா பெசுட் படகுத்துறையில் இறங்கி, நேரே காரில் கிரிக் வழியாக வீட்டுக்கு வந்துவிடுவோம், திங்கள் காலை ஷிப்ட் இருக்கு.

தெலுக்_இந்தான்_அக்கா:
தம்பி, கடிக்காது. அது வாயைத் திறந்துகொண்டு நீந்தும், மிதவை உயிர்கள், மீன் முட்டை, பொடி இறால் எல்லாம் தண்ணீரோடு உள்ளே போகும், தண்ணீர் மட்டும் செவுள் வழியாக வெளியே வரும். பல் ஆயிரக்கணக்கில் இருக்கு, ஆனால் ஒவ்வொன்றும் அரிசி அளவுதான். உலகத்து மீன்களிலேயே பெரியது இதுதான், 18 மீட்டர் வரை வளரும். ஆனால் டைவ் போகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் ஐந்தாறு மீட்டர் இளசுகளைத்தான்.

நான் பார்த்தது தெங்கோல் தீவில். குவாலா டுங்குனில் படகு ஏறிப் போனோம். அன்றைக்குத் தண்ணீர் ஒரே பச்சை, பத்து மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, காசு கொடுத்து வந்தது வீண் என்று எல்லாரும் முணுமுணுத்தோம். இப்போது நினைத்தால், அந்தக் கலங்கலே அதன் சாப்பாடுதான். எங்களைக் கூட்டிப் போன டைவ் மாஸ்டர் தன் சிலிண்டரைக் கம்பியால் டங் டங் என்று தட்டினார். திரும்பினால் முதலில் புள்ளிகள்தான் தெரிந்தன, வெள்ளை வெள்ளையாக, கோலம் போட வைத்த புள்ளி மாதிரி. அப்புறம்தான் அதற்குப் பின்னால் ஒரு உடம்பு இருப்பது புரிந்தது. ஐந்து செவுள் வெட்டும் மெல்லத் திறந்து மூடின. சின்னக் கண் ஒன்று என்னைப் பார்த்தபடியே கடந்து போனது. வயிற்றுக்கடியில் ஒட்டு மீன் இரண்டு.

நான் செய்த தப்பையும் சொல்லணும். அதையே பார்த்துக்கொண்டு பின்னால் நீந்தினேன். ஆழம் காட்டுகிற டைவ் கம்ப்யூட்டரைப் பார்த்தபோது 12 மீட்டரில் இருந்தவள் 23 மீட்டரில் இருக்கிறேன், சிலிண்டரில் மிச்சக் காற்றின் அழுத்தம் 70 பார்தான், கூட டைவ் பண்ணிய ஜோடி எங்கே என்றே தெரியவில்லை. மீன் என்னை ஒன்றும் செய்யவில்லை, எனக்கு ஆபத்து வந்ததெல்லாம் என் ஆசையால்தான். அதனால் அது வந்தால் முதல் காரியமாக ஆழத்தைப் பார், காற்றைப் பார், ஜோடியைப் பார், அப்புறம் அப்படியே மிதந்துகொண்டு இரு. துரத்தினால் சட்டென்று ஆழத்துக்கு இறங்கிவிடும், அதன் வேகத்துக்கு நம்மால் ஈடு கொடுக்க முடியாது. அசையாமல் இருந்தால் சில சமயம் அதுவே ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்ப வரும். எங்களுக்கு இரண்டு தடவை வந்தது.

கடல்_பிரியன்:
அக்கா சொன்னது சரி. தூரத்துக்குப் பல இடங்களில் வைத்திருக்கிற கணக்கு: உடம்பிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர். வால் பக்கவாட்டில் வீசும், பட்டால் முகக்கண்ணாடி கழன்றுவிடும். முன்னால் போய் வழியை மறிக்காதீங்க, தொடாதீங்க, பிளாஷ் அடிக்காதீங்க. படம் எடுத்தால் இடது பக்கம், செவுளுக்குப் பின்னால் இருக்கிற புள்ளிகளை எடுங்க. அந்தப் புள்ளிக் கோலம் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது, ஆராய்ச்சி செய்கிறவர்கள் அதை வைத்துத்தான் இது எந்த மீன் என்று கண்டுபிடிக்கிறார்கள். நம் நாட்டில் 1999லேயே சட்டம் போட்டுப் பாதுகாத்த மீன் இது. பிலிப்பைன்ஸில் ஒஸ்லோப் என்ற ஊரில் தீனி போட்டு வரவழைக்கிறார்கள், அங்கே போனால் கட்டாயம் பார்க்கலாம் என்று ஆசை காட்டுவார்கள், தயவுசெய்து போகாதீங்க. படகுக்குப் பின்னாலேயே பழகிப்போன மீனுக்குப் படகைக் கண்டால் ஒதுங்கத் தெரியாமல் போய்விடும்.

கிரிக்_ரோட்டுக்காரன்:
தம்பி, நீ கேட்காத ஒன்றைத்தான் நான் சொல்ல வந்தேன். ஞாயிறு காலை டைவ் முடித்துவிட்டு அன்றைக்கே கிரிக் மலை ரோட்டில் ஏறாதே. ஜெலி தாண்டினால் ரோடு ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் போகும். டைவ் அடிக்கும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது, மேலே காற்றழுத்தம் குறையும்போது குமிழியாகிவிடும், விமானத்தில் ஏறுவதும் இதுவும் ஒன்றுதான். பல டைவ் அடித்திருந்தால் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஒரு தடவை என் கூட வந்தவருக்கு மலை உச்சியிலேயே தோளும் முட்டியும் வலி எடுத்து, கீழே இறங்கி ஆஸ்பத்திரி தேடி அலைந்தோம். அந்த ரோட்டில் பாதி தூரம் போன் லைனும் கிடைக்காது.

செம்பனை_தம்பி:
ரொம்ப நன்றி அண்ணே, இந்த மலை விஷயம் வகுப்பில் சொன்னார்கள், ஆனால் ரோட்டுக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சனிக்கிழமை மதியத்தோடு டைவை முடித்துக்கொள்கிறோம், ஞாயிறு மதியத்துக்கு மேல் கிளம்புகிறோம். அக்கா, நீங்கள் சொன்ன பல் கதையை அம்மாவிடம் சொன்னேன். முறத்திலிருந்து ஒரு அரிசியை எடுத்து விரல் நுனியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், படம் எடுத்தால் கொண்டுவந்து காட்டு என்றார்.