சொக்சோ (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்): அப்பாவின் தோள் காயத்துக்கு எந்த பாரம் (படிவம்)?

சிப்புட்_பையன்
வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டம். அப்பாவுக்கு 56 வயது. குலை வெட்டும்போது மட்டை சரிந்து வலது தோளில் விழுந்துவிட்டது. டிரெசர் (தோட்ட மருத்துவ உதவியாளர்) தைலம் கொடுத்து இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எழுதினார். வலி அடங்கவில்லை. அப்புறம் அரசாங்க மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, தசைநார் கிழிந்திருக்கிறது என்றார்கள். நீண்ட எம்.சி. போன மாதம்தான் முடிந்தது. கை இன்னும் தோளுக்கு மேல் எழவில்லை. கிராணி (தோட்ட எழுத்தர்) இப்போது ‘பென்சென் இலாட்’ (உழைக்க இயலாதோர் ஓய்வூதியம்) பாரத்தைக் கொடுத்து, கையெழுத்து போட்டுக் கொண்டுவரச் சொல்கிறார். மருத்துவமனைச் சீட்டில் ‘தோள் வலி’ என்று மட்டும்தான் இருக்கிறது. போடலாமா?

பழைய_மண்டோர்
இப்போது போடாதீர்கள் தம்பி. இலாட் என்பது எந்தக் காரணத்தாலும் உழைக்க முடியாமல் போனவர்களுக்கு. அதற்குச் சந்தா கணக்கு பார்ப்பார்கள். முழுத் தகுதிக்குக் கடைசி 40 மாதத்தில் 24 மாதமாவது கட்டியிருக்க வேண்டும், அல்லது சேர்ந்த நாளிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு மாதங்கள். வழக்கமாகச் சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாது என்றும் டாக்டர் குழு சொல்ல வேண்டும். உங்கள் அப்பாவுக்கு நடந்தது வேலை விபத்து. அது வேறு திட்டம், இந்தச் சந்தா கணக்கு கிடையாது. முதலில் விபத்து அறிக்கை, அதாவது பாரம் 34, போயிருக்கிறதா என்று கேளுங்கள். 48 மணி நேரத்தில் அனுப்ப வேண்டியது தோட்டத்தின் கடமை. எங்கள் பக்கம் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று இழுத்தே ஆளை அலுக்க வைப்பார்கள்.

சிப்புட்_பையன்
கேட்டேன் அண்ணே. போகவில்லையாம். டிரெசர் சீட்டு இரண்டு நாள்தானே, அதனால் வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம்.

கிராணி_மகள்
இரண்டு நாள் சாக்கு செல்லாது தம்பி. நான்கு நாள் கணக்கு தற்காலிக ஊனத் தொகைக்குத்தான். விபத்து அன்றையும் சேர்த்து நான்கு நாளாவது எம்.சி. இருந்தால் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு. அப்பாவின் நீண்ட எம்.சி. அதற்குள் வந்துவிடும். நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லலாம், தோட்டம் அனுப்பட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சீட்டில் ‘தோள் வலி’ என்று மட்டும் இருப்பதுதான் உங்கள் உண்மையான தலைவலி. அதை மற்ற தாள்களால் ஈடுகட்ட வேண்டும். அன்றைய செக்ரோல் (வேலைப் பதிவேடு) நகல், பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) எந்த பிளாக்குக்கு அனுப்பினார்கள் என்பது, டிரெசர் புத்தகப் பதிவு, கூடவே உதிரிப் பழம் பொறுக்கியவரின் கையெழுத்திட்ட வாக்குமூலம். அவர் வேறு தோட்டத்துக்கு மாறுவதற்குள் வாங்கிவிடுங்கள். எம்.சி. அசலைக் கொடுத்தால் நகல் கையில் இருக்கட்டும்.

நிரந்தர ஊனத்துக்கு எம்.சி. முடிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் மனு போட வேண்டும். உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆனாலும் தள்ளிப்போட வேண்டாம். இதற்கெல்லாம் ஏஜெண்டுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடத் தராதீர்கள்.

பழைய_மண்டோர்
டாக்டர் குழு முன்னால் பல பேர் கெடுத்துக்கொள்வது பேச்சால்தான். நம் அப்பாமார்கள் டாக்டர் கேட்டால் ‘பரவாயில்லை’ என்று சொல்வதையே மரியாதை என்று நினைப்பார்கள். சட்டை மாட்ட முடியுமா, அரிவாள் கம்பைத் தூக்க முடியுமா, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியுமா என்று வீட்டிலேயே பேசிப் பாருங்கள். மலாய் வராவிட்டால் ‘தாங்கான் தாக் போலே அங்காட்’ (கையைத் தூக்க முடியவில்லை) என்றாவது சொல்லட்டும். ஆனால் கூட்டிச் சொல்ல வேண்டாம், அவர்கள் கையை அசைத்துப் பார்ப்பார்கள்.

சிப்புட்_பையன்
நன்றி அண்ணே, அக்கா. டாக்டர் குழு ஊன விழுக்காட்டைக் குறைவாகப் போட்டால்?

கிராணி_மகள்
ஊனம் 20 விழுக்காடு வரை என்றால் தொகையை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் ஐந்தில் ஒரு பங்குதான் மொத்தமாக, மீதி மாதா மாதம். முடிவு சரியில்லை என்று தோன்றினால் கடிதம் கிடைத்த 90 நாளுக்குள் மேல்முறையீட்டு டாக்டர் குழுவுக்குப் போகலாம். கடிதத்தோடு உறையையும் வைத்துக்கொள்ளுங்கள். தேதி அதில்தான் இருக்கும்.