பையனின் மூக்கில் ஆஞ்சியோஃபைப்ரோமா: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

சேலத்து அப்பா:

பையனுக்கு 15 வயது. அவனுக்கு வந்தது ஆஞ்சியோஃபைப்ரோமா, அதாவது மூக்கின் பின்பக்கம் வளரும், ரத்தநாளங்களும் நாரும் நிறைந்த கட்டி. போன கோடையில் வலது மூக்கிலிருந்து அடிக்கடி ரத்தம் வர ஆரம்பித்தது. வலி கிடையாது. என் அம்மா உடம்புச் சூடு என்று முடிவு கட்டிவிட்டார். இளநீர், ஊறவைத்த வெந்தயம், வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல். ரத்தம் வராத நாளில் எண்ணெய்க்குப் பேர், வந்த நாளில் வெயிலில் கிரிக்கெட் ஆடியதற்குத் திட்டு. அந்தப் பக்க மூக்கு எப்போதும் அடைத்தே இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான் என்று நானே திட்டியிருக்கிறேன்.

முதலில் போன கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சதை வளர்ந்திருக்கு, கொஞ்சம் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பிடலாம்" என்றார்கள். அன்று கரண்ட் இல்லை, மறுநாள் வரச் சொன்னார்கள். அந்தக் கரண்ட் கட்டுக்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன். அன்று மாலையே உறவுக்காரப் பெண் ஒருத்தி வேறொரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனாள். வயதைக் கேட்டார், ஒரு பக்கம் மட்டும்தானா என்று கேட்டார், "இதில் யாரும் கை வைக்கக் கூடாது, முதலில் ஸ்கேன்" என்றார். சி.டி.யில் கன்னத்து எலும்பறையின் பின்சுவர் முன்பக்கமாக வளைந்து நின்றது. அதைப் பார்த்ததுமே அவருக்குப் பாதி விடை கிடைத்துவிட்டதாம்.

தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டிக்குப் போகும் ரத்தநாளத்தை அடைத்தார்கள். மறுநாள் மூக்கு வழியாகவே ஆபரேஷன். இப்போது நன்றாக இருக்கிறான். என் கேள்வி வேறு. புற்றுநோய் இல்லை, ஆனால் இந்தக் கட்டிக்குள் வளர்ச்சிக் காரணிகள் அதிகம் என்று டாக்டர் சொன்னார். பையன் ஒரே வருஷத்தில் மளமளவென்று உயர்ந்துவிட்டான். தினம் இரண்டு முட்டையும் புரோட்டீன் பவுடரும் கொடுத்தது நான்தானே என்று மனைவி ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை. அதுவா காரணம்?

ஸ்லைடு டாக்டர்:

அண்ணா, முதலில் அக்காவைத் தூங்கச் சொல்லுங்கள். முட்டைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வளர்ச்சிக் காரணி என்பது சாப்பாட்டில் வருவதல்ல. ஒரு செல் பக்கத்து செல்லுக்கு 'வளர், பிரி, இங்கே ரத்தநாளம் போடு' என்று அனுப்பும் புரதச் செய்தி. காயம் ஆறுவதும் அதனால்தான்.

நான் நோயியல் துறை. பி.ஜி. படித்தபோது இந்தக் கட்டியின் ஸ்லைடை முதன்முதலாகப் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. நார்த்திசு நடுவே ரத்தநாளங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பலவற்றின் சுவர் ஒரே ஒரு அடுக்கு செல். சாதாரண நாளத்தைச் சுற்றித் தசை இருக்கும், அறுபட்டால் சுருங்கி ரத்தத்தை நிறுத்தும். இங்கே சுருங்கத் தசையே இல்லை. கிள்ளிப் பார்க்கக் கூடாது என்பது இதனால்தான்.

அத்தனை நாளங்களைப் பார்த்து அவைதான் கட்டி என்று நானும் நினைத்தேன். எங்கள் பேராசிரியர் நடுவில் இருந்த நாரைக் காட்டி, "வேலை வைப்பது இவன்" என்றார். 2001-ல் வந்த ஓர் ஆய்வு அதற்கு நல்ல சாட்சி. 16 கட்டிகளில் 12-ல், செல்லுக்கு வளரச் சொல்லி உத்தரவு கடத்தும் பீட்டா-கேட்டனின் என்ற புரதத்தின் மரபணுவில் பிழை இருந்தது. அந்தப் புரதம் உட்கருவில் குவிந்திருந்ததும் நார் செல்களில் மட்டும், நாளச் செல்களில் இல்லை. அந்த நார் செல்களில் வி.இ.ஜி.எஃப்., டி.ஜி.எஃப். பீட்டா-1, இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-2 என்று பல வளர்ச்சிக் காரணிகள் தென்படுகின்றன. முதலாவது புது நாளங்களை வரவழைக்கும், இரண்டாவது நாரைக் கெட்டியாக்கும். அதாவது நார்தான் முதலாளி, ரத்தநாளங்கள் அது கூப்பிட்டு வந்த கூட்டம்.

ஏன் பையன்களுக்கு மட்டும்? இந்தச் செல்களில் ஆண் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள் பல நோயாளிகளிடம் காணப்படுகின்றன. பீட்டா-கேட்டனினும் அந்த ஏற்பிக்குக் கைகொடுக்கும். அதனால் பருவ வயதில் கட்டி வேகமெடுப்பது புரிகிறது. ஆனால் உயரம் கூடியதால் கட்டி வந்தது என்று தலைகீழாகப் படிக்காதீர்கள். இரண்டும் ஒரே வயதில் நடந்தன, அவ்வளவுதான்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடலில் நிறைய பாலிப், அதாவது சின்னச் சின்னச் சதை வளர்ச்சி, இருந்ததா? பரம்பரைக் குடல் பாலிப் நோய் உள்ள பையன்களுக்கு இந்தக் கட்டி அதிகம் வருகிறது. அங்கேயும் கோளாறு இதே பீட்டா-கேட்டனின் பாதையில்தான்.

மூக்கடைப்பு 22:

எனக்கு 16 வயதில் வந்தது, இப்போது 22. முதல் ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷத்தில் திரும்பி வந்தது. மண்டையோட்டின் அடியெலும்புக்குள் ஒரு துணுக்கு தங்கிவிட்டதாம்.

இரண்டாவது தடவைக்கு முன் ஆறு வாரம் ஃப்ளூட்டமைடு மாத்திரை கொடுத்தார்கள். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மருந்து. மார்பில் வலியும் லேசான வீக்கமும் வந்தது. ஹாஸ்டலில் சட்டை மாற்றவே கூச்சம். அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. ஈரல் டெஸ்ட் வேறு அடிக்கடி. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், குரல் உடைந்து மீசை அரும்பிய பையன்களுக்கு இந்த மருந்தில் கட்டி கொஞ்சம் சுருங்கியது, சின்னப் பையன்களுக்குப் பெரிய பலன் இல்லை. எனக்கும் கொஞ்சம்தான் சுருங்கியது. ஆபரேஷன் இல்லாமல் தப்பிக்க முடியவில்லை.

வளர்ச்சிக் காரணியை நேராக அடைக்கும் மருந்து இல்லையா என்று நானும் கேட்டேன். வி.இ.ஜி.எஃப்.-ஐத் தடுக்கும் மருந்துகள் புற்றுநோய்க்கு இருக்கின்றன, செல் வளர்ச்சியை அடக்கும் சிரோலிமஸ் என்ற மருந்தை இந்தக் கட்டிக்கே ஒருசிலரிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், வழக்கமான வைத்தியம் என்று சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை என்றார் டாக்டர். வளரும் வயதுப் பையனுக்கு வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தை லேசில் கொடுப்பார்களா என்ன.

ஓ.டி. சிஸ்டர்:

நாளத்தை அடைக்காமல் செய்த கேஸும் பார்த்திருக்கிறேன், அடைத்துச் செய்ததும் பார்த்திருக்கிறேன். ஆபரேஷனில் உறிஞ்சி எடுக்கும் ரத்தம் சேரும் சக்ஷன் ஜாடியே வித்தியாசத்தைச் சொல்லிவிடும். அடைத்த பிறகு ரொம்ப நாள் தள்ளிப்போடவும் கூடாது, ஒன்றிரண்டு நாளில் எடுத்துவிட வேண்டும். விட்டால் கட்டி வேறு பக்கத்திலிருந்து ரத்தம் இழுக்க ஆரம்பித்துவிடும். ரத்தத்தை மட்டும் முன்னாடியே ஏற்பாடு பண்ணிவையுங்கள், கடைசி நேரத்தில் அலையாதீர்கள்.

சேலத்து அப்பா:

எல்லோருக்கும் நன்றி. ஸ்லைடு டாக்டரின் பதிலை மனைவிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். இன்று காலை தட்டில் முட்டை திரும்ப வந்துவிட்டது. பவுடர் மட்டும் இன்னும் பரண்மேல்தான்.

தம்பி சொன்ன அடியெலும்பு விஷயத்தை அடுத்த எம்.ஆர்.ஐ.யின்போது கட்டாயம் கேட்கிறேன். குடல் பாலிப் பற்றி இரண்டு பக்கமும் விசாரித்தாயிற்று. என் பக்கம் யாருக்கும் இல்லை. மாமனாருக்கு மூலம் மட்டும்தானாம், அதையும் ஏன் கேட்டாய் என்று கோபம்.