தம்பியை வேறு மையத்துக்கு மாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். தம்பிக்கு எச்.ஐ.வி. இருப்பது சென்ற ஆண்டு தெரிந்தது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் அக்கா அன்று ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்து பேசியிருக்காவிட்டால், அவன் வீடு திரும்பியிருப்பானா தெரியாது. தினமும் ஒரு மாத்திரை, தவறவிடாதே என்று அவர் சொன்னதுதான் இவனுக்கு வேதவாக்கு.

இப்போது வேலைக்காக வேறு மாவட்டம். எச்.ஐ.வி. மாத்திரை தரும் இங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் கதவைத் திறந்துவைத்தே, வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி விசாரிக்கிறார்கள். ஆலோசனையாம்! சம்மதமின்றி ஒருவரின் நிலையை வெளியிடக் கூடாது என்று 2017 சட்டமே இருக்கிறது. இனி போக மாட்டேன் என்கிறான். கையில் 12 நாள் மாத்திரைதான் மிச்சம்.

மையம் மாற்றிக்கொண்டவர்கள் யாரை அணுகினீர்கள்? 1097 எச்.ஐ.வி. உதவி எண்ணில் பேசியவர்களும் எழுதுங்கள். உங்கள் பெயரும் ஊரும் வேண்டாம்.