4 டெராபைட் போர்டபிள் ஹார்ட்: கொப்பி பாதியில் படுத்துவிடுகிறது, உதவி தேவை

உப்புவெளி ஸ்டூடியோ:
கலியாண வீடியோ, கோணேஸ்வரம் திருவிழா வீடியோ எல்லாம் சேர்த்து ஒன்றரை டெராபைட். ஸ்டூடியோ கம்ப்யூட்டரின் உள் ஹார்டிலிருந்து புது போர்டபிளுக்கு மாற்றுகிறேன். தொடக்கத்தில் செக்கனுக்கு 120 மெகாபைட் ஓடுகிறது. பிறகு 15க்கு விழுகிறது, இடையிடையே பூச்சியத்தில் நின்று திரும்ப எழும்புகிறது. வயரையும் மாற்றிப் பார்த்தாயிற்று. கடையில் கேட்டால், "வைரஸ், விண்டோஸைத் திரும்பப் போடுங்கோ" என்கிறார்கள். டிஸ்க் பழுதா?

டொக்யார்ட் வீதி:
விண்டோஸைத் தொடாதீர்கள் தம்பி. சில கடைகளில் எல்லா வருத்தத்துக்கும் அந்த ஒரு மருந்துதான். வயரிலோ யூ.எஸ்.பி 2 வாயிலிலோ பிழை என்றால் முதலிலிருந்தே 40ஐத் தாண்டாது. ரேமில் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டு பொய் வேகம் காட்டுவதும் உண்டு, ஆனால் அது சில செக்கன்தான். உங்களுக்கு எவ்வளவு போன பிறகு விழுகிறது?

உப்புவெளி ஸ்டூடியோ:
60, 70 ஜிபி போன பிறகு அண்ணை. இன்னொன்று, கொப்பியை நிறுத்தினாலும் டிஸ்க் லைட் மினுங்கிக்கொண்டே இருக்கிறது. கை வைத்தால் உள்ளே வேலை நடப்பது தெரிகிறது.

நிலாவெளி:
அந்த லைட்தான் விடை. உங்களுடையது எஸ்.எம்.ஆர் வகை டிஸ்க். பெரிய கொள்ளளவு 2.5 அங்குல போர்டபிள்கள் அனேகமாக இதுதான். குறைந்த இடத்தில் கூடுதலாக அடைக்க, தடங்களை ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றின் ஓரத்தில் இன்னொன்று ஏறும்படி எழுதுவார்கள். நடுவில் ஒன்றை மாற்றினால் அடுத்தடுத்த தடங்களும் அழியும். அதனால் அந்தப் பகுதி முழுவதையும் வாசித்துத் திரும்ப எழுத வேண்டும்.

இதை மறைக்க, டிஸ்க் தனக்குள் சாதாரணமாக எழுதும் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருக்கும். வருவதை முதலில் அங்கே வேகமாக வாங்கும், ஓய்வு கிடைக்கும்போது உரிய இடத்துக்கு நகர்த்தும். நீங்கள் ஓய்வே கொடுக்கவில்லை. அது நிரம்பியதும் வாங்குவதும் நகர்த்துவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. 15ம் பூச்சியமும் அங்கிருந்துதான் வருகின்றன.

பெட்டியில் இதைப் போடமாட்டார்கள். எந்த மொடல் எந்த வகை என்ற பட்டியல்களைப் பெரிய கம்பனிகள் வெளியிட்டதே 2020இல் சர்ச்சை எழுந்த பிறகுதான்.

கொப்பியை இடைநிறுத்தி, டிஸ்கைக் கழற்றாமல் லைட் அடங்கும்வரை விடுங்கள். பிறகு தொடரும்போது 100க்கு மேல் வந்தால் டிஸ்க் நல்லது.

டொக்யார்ட் வீதி:
சரி, பழைய ஹார்டையும் சந்தேகப்பட வேண்டும். அதிலிருந்து ஒரு பெரிய வீடியோவை கம்ப்யூட்டரின் எஸ்.எஸ்.டிக்குக் (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) கொப்பி பண்ணுங்கள். அங்கேயும் திக்கினால் பிழை வாசிக்கும் பக்கத்தில். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் மஞ்சள் காட்டினால் முக்கியமானதை முதலில் எடுங்கள், வேகத்தைப் பிறகு பார்க்கலாம்.

லிங்கநகர் பொடியன்:
போட்டோ போல்டர்களும் இருந்தால் அவை தனி இழுபறி. ஒவ்வொரு சின்னப் பைலுக்கும் பெயரும் இடமும் பதிய ஹெட் (டிஸ்கில் எழுதி வாசிக்கும் முனை) ஓடித் திரும்ப வேண்டும். சுருக்காமல் ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்புங்கள். இரண்டு மூன்று கொப்பியை ஒன்றாகத் தட்டிவிடவும் வேண்டாம், ஹெட் அங்கும் இங்கும் ஓடி இன்னும் மெதுவாகும்.

உப்புவெளி ஸ்டூடியோ:
எஸ்.எஸ்.டிக்குத் திக்காமல் போகிறது, மஞ்சளும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க விட்டுவைத்துத் தொடர்ந்தேன், திரும்ப 120! இனி இந்த டிஸ்கிலேயே எடிட்டிங் செய்யலாமா?

நிலாவெளி:
வேண்டாம். எடிட்டிங் மென்பொருள் சின்னச் சின்னதாக எழுதி அழித்துக்கொண்டே இருக்கும், எஸ்.எம்.ஆருக்கு அதுதான் விஷம். எடிட்டிங்கை எஸ்.எஸ்.டியில் செய்து, முடிந்த வேலையை மட்டும் இதில் போடுங்கள். வாசிப்பதில் குறை இல்லை. 100இல் நாலேகால் மணித்தியாலத்தில் முடிகிற ஒன்றரை டெராபைட், 15இல் ஒரு நாளைத் தாண்டும். ஆகவே பகுதி பகுதியாக அனுப்புங்கள். விண்டோஸோடு வருகிற ரோபோகொப்பி கட்டளையைப் பாவித்தால் இடையில் கரண்ட் போனாலும் முடிந்த பைல்களை விட்டு மிச்சத்தைத் தொடரும். போனவற்றைத் திறந்து ஓட்டிப் பார்க்கும்வரை பழைய ஹார்டில் எதையும் அழிக்க வேண்டாம்.