கேலிக்கு ஆளான பிள்ளையின் போனையே பிடுங்குவதா?

தண்டையார்பேட்டை செல்வி
எதிர் வீட்டுப் பையன் ஒன்பதாம் வகுப்பு. வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடும்போது அவன் விழுந்ததை யாரோ வீடியோ எடுத்து, 'புள்ளிங்கோ' (வடசென்னைப் பசங்களைக் கிண்டலாகச் சொல்லும் பெயர்) என்று எழுதி, பாட்டு சேர்த்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அவன் முகம் இப்போது ஸ்டிக்கர். திங்கட்கிழமை காலை ஆனால் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கிறான். அவன் அப்பா போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இது சரியா?

ராயபுரம் பாஸ்கர்
சரிதான். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழே சோஷியல் மீடியா கணக்கே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். அவர்கள் என்ன முட்டாள்களா? நாங்களும் பட்டப்பெயரோடு வளர்ந்தவர்கள்தான். யாரும் செத்துப் போகவில்லை.

செல்வி
அண்ணே, அந்தச் சட்டம் கம்பெனியைத்தான் பிடிக்கிறது, கணக்கு வைத்த பிள்ளைக்குத் தண்டனை கிடையாது. இங்கே விழுந்தவன் போன் பீரோவில், வீடியோ மட்டும் மற்ற எல்லார் போனிலும் ஓடுகிறது. அடுத்த தடவை எவனாவது மிரட்டினால் இவன் அப்பாவிடம் வாய் திறப்பானா?

கொருக்குப்பேட்டை டீச்சர்
மாட்டான். நான் பார்த்தவரை பிள்ளைகள் மறைப்பதற்கு முதல் காரணமே போன் போய்விடும் என்ற பயம்தான். பாஸ்கர் சார் சொல்லும் பட்டப்பெயர் தெருமுனையோடு முடிந்தது, வீட்டுக்குள் வந்தால் அம்மா சோறு போடுவாள். இது ராத்திரி போர்வைக்குள்ளும் வருகிறது. யார் பார்த்தார்கள், எத்தனை பேர் சிரித்தார்கள் என்று திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தே தூக்கம் போகிறது. காலையில் வரும் வயிற்றுவலி பொய் இல்லை, பயம் அப்படித்தான் உடம்பில் இறங்கும். அப்புறம் பையன் கடைசி பெஞ்சுக்குப் போவான், மதியம் தனியாகச் சாப்பிடுவான், லீவு கூடும். மார்க் குறைந்த பிறகுதான் பெற்றோர் வந்து கேட்பார்கள்.

திருவொற்றியூர் மணி
'புள்ளிங்கோ' என்று நம்ம பசங்களை வைத்து ஊரே மீம் போட்டு சிரித்தது. இப்போ நம்ம பிள்ளைகளே அதை எடுத்து நம்ம பிள்ளை மேல் வீசுகிறார்கள். இன்னா கொடுமை இது! பள்ளிக்கூடத்தில் கேட்டால் 'வெளியே நடந்தது' என்று கையைக் கழுவுகிறார்கள். குரூப் வகுப்பினுடையது, அதில் இருப்பவர்கள் மாணவர்கள். எது வெளியே?

பாஸ்கர்
அப்போ போலீசுக்குப் போகச் சொல்றீங்களா? வீடியோ போட்டவனும் நம்ம ஏரியா பையன். ஸ்டேஷன் வாசலை ஒருமுறை மிதித்தால் அந்த முத்திரை அவனை விடாது.

டீச்சர்
அந்தக் கவலை நியாயம். எல்லாக் கேலிக்கும் போலீஸ் வேண்டாம். புண்படுத்தும் பதிவு என்று கைது செய்ய வைத்திருந்த, ஐடி சட்டம் எனும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்துவிட்டது. 18 வயதுக்குக் கீழே என்றால் சிறார் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஆனால் பெண் பிள்ளையின் படத்தை ஆபாசமாக மார்ஃப் செய்தால் பேச்சே வேறு. ஐடி சட்டம் 67பி, பிள்ளைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் போக்சோ சட்டம் எல்லாம் வரும். அப்போது ஏரியா, சொந்தம் பார்க்க முடியாது.

எதுவானாலும் கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். கணக்கின் பெயர், லிங்க், தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அப்புறம் இன்ஸ்டாவில் ரிப்போர்ட் செய்யுங்கள். குழந்தைகளுக்கான உதவிக்கு 1098, சைபர் புகாருக்கு 1930. பையன் மனம் விட்டுப் பேச 14416.

செல்வி
வீடியோ போட்ட பையனின் அம்மாவை ரேஷன் கடையில் அடிக்கடி பார்ப்பேன். முதலில் அவரிடம் பேசி அதை எடுக்கச் சொல்கிறேன். கேட்கவில்லை என்றால் ஹெட்மாஸ்டரிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்லி இவன் அப்பாவிடமும் சொல்கிறேன்.

பாஸ்கர்
பேசுங்க. ஆனா போன் பீரோவிலேயே இருக்கட்டும்.

மணி
அப்போ வீடியோ போட்டவன் போன் எந்த பீரோவில் இருக்கும், பாஸ்கர் அண்ணே?