புதுசாகத் தொழில் தொடங்குபவருக்கு யார் வழிகாட்ட வேண்டும்?

செக்குக்காரன்:
காங்கேயம் பக்கம் மரச்செக்கு போட்டு ஏழு மாதம் ஆகிறது. தொடங்கும்போது ஒரு ‘பிசினஸ் கோச்’சுக்கு 18,000 ரூபாய் கட்டினேன். லோகோ, இன்ஸ்டாகிராம், அஞ்சு வருஷக் கனவு எல்லாம் பேசினார். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு அடக்கம் என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் போட்டுப் பார்க்கவில்லை. பக்கத்து ஊரில் செக்கு வைத்திருக்கும் பெரியவர்தான் உட்காரவைத்துக் கணக்குப் போட்டார். லிட்டருக்குச் சுமார் ரெண்டரை கிலோ பருப்பு. கிலோ 130 என்றால் 325 ரூபாய். புண்ணாக்கில் 55 திரும்பினாலும் 270. கரண்ட், கூலி, பாட்டில் தனி. நான் விற்றுக்கொண்டிருந்தது 280க்கு! அந்தத் தொழிலிலேயே ஊறியவரிடம் கேளுங்கள், மற்றதெல்லாம் தண்டம்.

வரவுசெலவு:
சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். கோச் விஷயத்தில் உங்கள் கட்சிதான். ஆனால் சிறு தொழில்களுக்கு அரசாங்கம் தரும் உத்யம் பதிவைப் பற்றிப் பெரியவர் ஏதாவது சொன்னாரா?

செக்குக்காரன்:
“பதிஞ்சா வரிக்காரன் வாசலுக்கு வருவான்” என்றார்.

வரவுசெலவு:
பார்த்தீர்களா! 2020 ஜூலையில் வந்த பதிவு அது, ஒரு பைசா கட்டணம் கிடையாது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிந்த சிறு உற்பத்தியாளருக்குச் சரக்கு எடுத்தவரிடமிருந்து 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. அனுபவசாலி தனக்குத் தெரிந்ததைச் சொல்வார். தன் பயத்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்.

செக்குக்காரன்:
சரி சார், பதிவு விஷயத்தில் அவர் சொன்னது தப்பு. ஆனால் மளிகைக் கடைக்காரரிடம் சட்டம் பேசி வட்டி கேட்டால் அடுத்த டின் எடுப்பாரா? அதை எந்தச் சட்டம் பார்த்துக்கொள்ளும்?

ஓவர்லாக் அக்கா:
அதில் தம்பி சொல்வது நியாயம். கேஸ் போட்டால் ஆர்டர் போய்விடும். பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துக் கொடுங்கள், பெரிய பார்ட்டிகளின் ஆடிட்டர் கண்ணில் படும். அது போதும்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. திருப்பூரில் நான் தையல் யூனிட் போட்டபோது வழிகாட்டியவரும் அதே தொழில்காரர்தான். மெஷின் வாங்க, ஆள் பிடிக்க எல்லாம் உதவினார். முதல் ஜாப் ஒர்க்கும், அதாவது அவர் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலையும், அவரே கொடுத்தார். அப்புறம் நாலு வருஷம் அவர் வைத்த ரேட்டுக்கே தைத்தேன். நேராக ஆர்டர் பிடிப்பது எப்படி என்று மட்டும் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. கெட்டவர் இல்லை. நான் வளர்ந்தால் அவருக்கு ஒரு யூனிட் குறையும், அவ்வளவுதான். அதனால் தொழில் தெரிந்தவராக இருக்கட்டும், ஆனால் வேறு ஊர்க்காரராக இருக்கட்டும்.

செக்குக்காரன்:
அக்கா, பெரியவர் பருப்பைக் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்வார். ஈரம் தெரியாமல் நான் வாங்கிய ஒரு லோடில் எண்ணெயே சரியாக வரவில்லை. வேறு ஊர்க்காரர் அதற்காக இங்கே வந்து நிற்பாரா?

ஓவர்லாக் அக்கா:
நிற்க மாட்டார்தான். இப்போது பருப்பு எங்கே எடுக்கிறீர்கள்?

செக்குக்காரன்:
அவர் கைகாட்டிய மண்டியில்.

வரவுசெலவு:
வேறு மண்டியில் விலை கேட்டுப் பார்த்தீர்களா?

செக்குக்காரன்:
இல்லை சார். நாளைக்கு வெள்ளக்கோவில் போகிற வேலை இருக்கிறது, கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.